முதல் நாள் மேல்மாடிக்குப் போகாதீங்க

ஐயய்யோ, பிரஷர் மாத்திரையை அந்தப் பெட்டியிலயா வச்சீங்க? அது இனி உங்க கைக்கு வர சாயங்காலம் ஆயிடும். சில நேரம் சாப்பிட்டு முடிச்சு ரூமுக்குப் போனாகூட வந்திருக்காது. உங்க வீட்டுக்காரர் இப்பதானே அதைக் கப்பல்காரங்ககிட்ட குடுக்கப் போனாரு? போன் போடுங்க, சீக்கிரம் போடுங்க. பெட்டியைப் பெல்ட்டுல விட்டுட்டா அப்புறம் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது.

எடுத்துட்டாரா? அப்பாடா. மாத்திரை, ஒரு மாத்துத் துணி, பல் தேய்க்கிற பிரஷ். இது மட்டும் எப்பவும் தோள்பையில இருக்கணும். மத்ததெல்லாம் வரும்போது வரட்டும்.

இல்லம்மா, நான் கம்பெனி ஆள் இல்ல. எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. கழுத்துல இப்படி அட்டையைத் தொங்கவிட்டிருக்கேன்ல, அதைப் பாத்துட்டு கேக்கறீங்க. இது ரூம் கார்டு வைக்கிறதுக்கு நானே வாங்கினது. கப்பல்ல அந்தக் கார்டுதான் சாவி, அதுதான் பர்ஸ், அதுதான் உங்க ஜாதகம். ஏறும்போது காட்டணும், இறங்கும்போது காட்டணும், ஒரு காபி வாங்கினாலும் காட்டணும். பையில போட்டா தேடிக்கிட்டே இருக்கணும். கழுத்துல மாட்டிக்கிட்டா பிரச்சனை இல்ல. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிதான் இருக்கும், பரவால்ல. உள்ள போனா எல்லாரும் அப்படித்தான் சுத்திட்டிருப்பாங்க.

எனக்கு இது ஏழாவது தடவை. ஆமா, ஏழு. தனியாத்தான். பொண்ணு அனுப்பி வைப்பா, நான் போவேன்.

நான் குடுத்து வச்சவதான். எல்லாரும் சொல்றாங்க.

உக்காருங்க, நம்ம நம்பர் கூப்பிட இன்னும் நேரம் ஆகும். இப்ப கூப்பிட்டது அந்தச் சின்னக் குழந்தை வச்சிருக்கிறவங்களை. அடுத்து சக்கர நாற்காலிக்காரங்க. நாம எல்லாம் அதுக்கப்புறம்தான். முதல்ல ஏறினா மட்டும் என்ன, கப்பல் நம்மளை விட்டுட்டா போகப் போகுது?

முதல் நாள் உள்ள போனதும் என்ன ஆகும் தெரியுமா? மொத்தக் கூட்டமும் நேரா மேல்மாடிக்குப் போகும். அங்கதான் எல்லாத்தையும் பரப்பி வச்சிருப்பாங்க, நாமளே எடுத்துச் சாப்பிடலாம். தட்டைத் தூக்கிட்டு உக்கார இடமில்லாம, ஏதோ கல்யாண வீட்டுல கடைசிப் பந்திக்கு நிக்கிற மாதிரி நிப்பாங்க. நீங்க போகாதீங்க. கீழ அஞ்சாவது தளத்துல சாப்பாட்டு ஹால் ஒண்ணு இருக்கும், அன்னைக்கு மத்தியானம் அங்க ஈ காக்கா இருக்காது. வெள்ளைத் துணி விரிச்ச மேசையில ராணி மாதிரி உக்காந்து சாப்பிடலாம். இதை எனக்கு யாரும் சொல்லலை. ரெண்டு தடவை தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்ன பிறகுதான் தெரிஞ்சுது.

உங்க ரூம் எத்தனாவது தளம்? காட்டுங்க. ம்... முன்பக்கமா விழுந்திருக்கே. கொஞ்சம் ஆடும். பயப்படாதீங்க, கவுத்துற மாதிரி ஆடாது, ஊஞ்சல் மாதிரி. கப்பலோட நடுவுல, கீழ்த்தளத்துல இருக்கிற ரூம்தான் ஆடாம இருக்கும். அடுத்த தடவை பாத்துக்கலாம். தலை சுத்தினா ரூமுக்குள்ள போய்ப் படுக்காதீங்க, அதுதான் எல்லாரும் பண்ற தப்பு. வெளிய வந்து நின்னு, தூரத்துல கடலும் வானமும் சேருற கோட்டைப் பாருங்க. ஒரு பச்சை ஆப்பிள், ரெண்டு உப்பு பிஸ்கட். வயிறு சொன்ன பேச்சைக் கேக்கும்.

அப்புறம், இந்தாங்க, இதை வச்சுக்கோங்க. காந்தக் கொக்கி. ரூம் சுவர் எல்லாம் இரும்பு. பாத்தா மரம் மாதிரி இருக்கும், ஆனா இரும்பு. இதை ஒட்டிவிட்டா ஈரத்துணி, தொப்பி, பை எல்லாம் மாட்டிக்கலாம். எடுத்துக்கோங்கம்மா, என்கிட்ட நிறைய இருக்கு. ஒரு ஆளுக்கு எத்தனை கொக்கி வேணும்?

சிரிக்கிறீங்க. நல்ல பல்லு உங்களுக்கு. தப்பா நினைக்காதீங்க, எனக்கு யாரைப் பாத்தாலும் கண்ணு முதல்ல அங்கதான் போகும். நான் பல்லு செய்ற லேப்ல வேலை பாத்தவ. டாக்டர் எல்லாம் இல்ல. டாக்டர் வாயில அச்சு எடுத்து அனுப்புவாரு, அந்த அளவுக்கு நாங்க செஞ்சு அனுப்புவோம். மெழுகுல செதுக்கி, சூளையில வேக வச்சு, தேய்ச்சு, பாலிஷ் போட்டு. காலையில வெள்ளை மாவுக்குள்ள போனா சாயங்காலம் பேய் மாதிரி வெளிய வருவேன். உங்க வீட்டுக்காரருக்குக் கீழ்வரிசையில ஒண்ணு கட்டினது, சரியா? நல்லா செஞ்சிருக்காங்க. கலர்ல மட்டும் வெள்ளை அரை மாத்துக் கூட.

எங்க வீட்டுக்காரரா? அவர் இருக்காரு. எங்களோட இல்ல.

பொண்ணுக்கு ஏழு வயசு அப்போ. வேற ஊர்ல வேலை, ரெண்டு மாசத்துல வந்துடறேன்னு சொல்லிட்டு ஒரு பெட்டியோட போனாரு. அங்கயே ஒரு குடும்பம் ஆயிடுச்சு. அவ்ளோதான் கதை. சண்டை போட்டிருந்தாகூட ஒரு காரணம் இருக்கும். ஒண்ணும் இல்ல. மழைக்கு ஒதுங்கின இடத்துலயே தங்கிட்டாரு. நான் லேப்ல ரெண்டு ஷிப்ட் பாத்தேன், பொண்ணைப் படிக்க வச்சேன். இதெல்லாம் எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான், விடுங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், கடைசி நாள். கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் பெட்டியெல்லாம் கட்டி ரூம் வாசல்ல வைக்கச் சொல்லுவாங்க. அவங்களே எடுத்துட்டுப் போய்க் கரையில வச்சிடுவாங்க. அப்போ ஒரு செட் துணியை வெளிய எடுத்து வச்சுக்கணும், மறந்துடாதீங்க. ஒரு தடவை எங்க மேசையில ஒரு பெரியவர், ரிட்டையர் ஆன ஜட்ஜு. அப்படி ஒரு கம்பீரம். சூப்பைக்கூட விசாரிச்சுட்டுத்தான் குடிப்பாரு. மறுநாள் காலையில பாக்கிறேன், கோடு போட்ட பைஜாமாவோட இறங்கி வர்றாரு. எல்லாத்தையும் பெட்டியில வச்சுக் கட்டிட்டாராம். ஆனா நடையில ஒரு குறை இல்ல பாருங்க, தீர்ப்பு சொல்லிட்டு வர்ற மாதிரியே வந்தாரு.

ஆமா, பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இல்ல. அதனாலதான் சொல்றேன், சாப்பாட்டு ஹால்ல தனி மேசை கேக்காதீங்க. நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க, இருந்தாலும் பெரிய மேசை கேளுங்க. வீட்டுக்காரர் முகத்தை வீட்டுலயே பாத்துக்கலாம். எனக்கு முதல் தடவையே ஒரு நல்ல சிநேகிதம் கிடைச்சது. பேக்கரி வச்சிருந்த அம்மா ஒருத்தங்க. கை ரெண்டும் மாவு பிசைஞ்சு பிசைஞ்சு பயில்வான் கை மாதிரி இருக்கும். அந்தம்மா மட்டும் இல்லைன்னா நான் கப்பலையே விட்டிருப்பேன்.

நிஜமாத்தான். விட்டுட்டுத்தான் இருந்திருப்பேன். நடுவுல ஒரு ஊர்ல நிறுத்தினாங்க. இறங்கிச் சுத்திப் பாத்துட்டு நாலு மணிக்குள்ள ஏறிடணும். ஒருத்தருக்காகவெல்லாம் கப்பல் நிக்காது, அதை ஞாபகம் வச்சுக்கோங்க. துறைமுகத்துக் கட்டடத்துல இலவசமா நெட் கிடைக்கும்னு சொன்னாங்க. கடல்ல போன் வேலை செய்யாதே. சரி, பொண்ணுக்கு ரெண்டு போட்டோ அனுப்பலாம்னு ஒரு பெஞ்சுல உக்காந்து போனைத் திறந்தேன்.

அது எப்படி வந்த பயணம்னு சொல்லணுமே. பொண்ணுக்கு அப்ப மாப்பிள்ளை பாத்து முடிவாகியிருந்தது. அவளே பாத்துக்கிட்ட பையன்தான், நல்ல பையன். நானும் அவனும் சேர்ந்து உக்காந்தா அவளைக் கிண்டல் பண்ணியே பொழுது போகும். கல்யாணம் அடுத்த வருஷம் வச்சுக்கலாம்னு பேச்சு. நான் மேடையில உடுத்தறதுக்குக்கூடத் துணி எடுத்து வச்சுட்டேன், நீல நிறத்துல. அந்த நேரத்துலதான் ஒரு நாள் வந்து, அம்மா, வாழ்க்கை முழுக்க உழைச்சிட்ட, கொஞ்சம் ஓய்வா இருந்துட்டு வான்னு கப்பல் டிக்கெட்டைக் கையில வச்சா. நான் அழுதுட்டேன். லேப்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். பொண்ணுன்னா இப்படி இருக்கணும்னு அவங்க வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் திட்டு விழுந்திருக்கும், பாவம்.

போனைத் திறந்தா மேல்வீட்டுக்காரம்மா அனுப்பின செய்தி வந்து நிக்குது. கல்யாணம் ரொம்ப நல்லபடியா முடிஞ்சது, சாப்பாடெல்லாம் பிரமாதம், நீங்க இல்லாததுதான் குறை, உடம்பு இப்ப எப்படி இருக்குன்னு.

யார் கல்யாணம்னு எனக்குப் புரியலை. யாருக்கோ அனுப்ப வேண்டியதை எனக்கு மாத்தி அனுப்பிட்டாங்கன்னு நினைச்சேன். அதுக்குக் கீழ போட்டோ.

மேடையில என் பொண்ணு. பக்கத்துல மாப்பிள்ளை. இந்தப் பக்கம் என் பொண்ணோட அப்பா, புதுக் கோட்டு, தலைக்குச் சாயம். அவர் பக்கத்துல அவர் போன ஊர்ல சேத்துக்கிட்ட அந்தம்மா, நான் நிக்க வேண்டிய இடத்துல. யாரும் தலை குனிஞ்சு நிக்கலை. எல்லாரும் சந்தோஷமா நிக்கிறாங்க. என் பொண்ணு வாய் நிறைய சிரிக்கிறா. சின்ன வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்து அவளுக்கு முன்பல்லு பாதி உடைஞ்சு போச்சு. அவ வளர வளர அளவு மாத்தி மாத்தி நான்தான் செஞ்சு குடுத்துட்டிருந்தேன். கடைசியா செஞ்சது அவ காலேஜ் சேரும்போது. பக்கத்துப் பல்லோட பக்கத்துல வச்சுப் பாத்தா எது நிஜம்னு எனக்கே தெரியாது, அப்படி வந்திருந்தது. அந்தப் பல்லு போட்டோவுல மினுங்குது. நான் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். இவ்ளோ நல்லா செஞ்சிருக்கேனேன்னு மனசு எங்கயோ ஒரு பக்கம் சொல்லுது. பைத்தியக்கார மனசு.

சங்கு ஊதினது காதுல விழுந்துச்சு. எழுந்திருக்கணும்னு தோணலை. அந்த பேக்கரிக்காரம்மாதான் தேடிக்கிட்டு வந்து கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடினாங்க. எங்களுக்குப் பின்னாடியே படியைத் தூக்கிட்டாங்க. என்ன ஆச்சுன்னு அவங்க ஒரு வார்த்தை கேக்கலை. சாப்பாட்டு ஹால்ல உக்கார வச்சு, ரெண்டு சூப்பு சொல்லி, நான் குடிக்கிற வரைக்கும் அவங்களும் குடிக்காம இருந்தாங்க. அடுத்த நாளும் அப்படியே. கூடப் பொறந்தவங்ககூட அப்படி இருக்க மாட்டாங்க.

கேட்டேன். பொண்ணுகிட்டக் கேக்காம இருப்பேனா? கப்பல் திரும்பினதும் அவளும் மாப்பிள்ளையும் என்னைக் கூட்டிட்டுப் போகத் துறைமுகத்துக்கு வந்திருந்தாங்க. பொண்ணு விரல்ல கல்யாண மோதிரம் இல்ல. கழட்டிப் பையில வச்சிருக்கா. கப்பல் எப்படிம்மா இருந்துச்சுங்கிறா. சூப்பு நல்லா இருந்துச்சுன்னேன். வீட்டுக்கு வந்து உக்காந்ததும் போட்டோவை எடுத்து அவ முன்னாடி வச்சேன்.

மாப்பிள்ளை எழுந்து வெளிய போயிட்டான். அவ அழலை. அதுதான் எனக்கு ஆச்சரியம். தயார் பண்ணி வச்சிருந்த மாதிரி சொன்னா. அப்பாகிட்ட கேட்டேம்மா, நீ இருந்தா வரமாட்டேன்னு சொல்லிட்டாரு. அந்தம்மாவுக்குச் சங்கடமா இருக்குமாம். எனக்கு அப்பா ஒரே ஒரு நாள் பக்கத்துல நிக்கணும்னு இருந்துச்சு. நீ எனக்கு தினமும் இருக்கேம்மா, அவர் ஒரு நாள்தானேன்னு.

பாருங்க, அதுல ஒரு நியாயம் இருக்கிற மாதிரியே இருக்கு இல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ராத்திரியெல்லாம் யோசிச்சு யோசிச்சு அந்த நியாயத்துல எங்க ஓட்டை இருக்குன்னு தேடினேன். தினமும் இருக்கிறவங்களைத் தூக்கி ஓரமா வைக்கலாம். எங்க போயிடப் போறாங்க? அதானே.

அடுத்தடுத்துப் போனது ஏன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்வி. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி ஒரு டிக்கெட் கொண்டு வந்தா. கண்ணைப் பாக்காம குடுத்தா. எனக்குப் புரிஞ்சு போச்சு. புது வீடு வாங்கியிருக்காங்க, குடி போறாங்க, அவங்க அப்பா வர்றாரு. நான் போகலைன்னா அவ என் முகத்தைப் பாத்து ஏதாவது பொய் சொல்லணும். அதை உக்காந்து கேக்க எனக்குத் தெம்பு இல்லம்மா. அதுக்குக் கப்பலே பரவால்ல. சரின்னு வாங்கிக்கிட்டேன். அவ கேக்கலை, நான் சொல்லலை. அப்படியே பழகிப் போச்சு. டிக்கெட் வந்துச்சுன்னா வீட்டுல ஏதோ விசேஷம்னு அர்த்தம். மாப்பிள்ளை கடை திறந்தது, அவ அப்பாவோட அறுபதாவது பிறந்தநாள், எல்லாத்துக்கும் நான் கடல்ல. முதல் தடவை சின்ன ஜன்னல் வச்ச ரூம். அப்புறம் பால்கனி. அப்புறம் பால்கனியோட சோபா, கூடை நிறையப் பழம். அவ மனசு உறுத்த உறுத்த ரூம் பெருசாயிட்டே போச்சு. இந்த விவரம் எல்லாம் உங்களுக்குச் சொல்றேனே, இதெல்லாம் அப்படி அப்படிக் கத்துக்கிட்டதுதான்.

பேத்தியோட முதல் பிறந்தநாள் அன்னைக்கு எங்க பக்கத்து மேசையில ஏதோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். கப்பல்ல அது பெரிய கூத்து. பரிமாறுறவங்க எல்லாரும் வரிசையா கேக்கைத் தூக்கிட்டுப் பாடிக்கிட்டே வருவாங்க. நானும் எழுந்து நின்னு கை தட்டினேன். எல்லாரும் நிறுத்தின பிறகும் தட்டிட்டிருந்திருக்கேன் போல. அந்தக் குழந்தையோட அம்மா ஒரு துண்டு கேக் கொண்டு வந்து குடுத்துட்டுப் போனா.

இல்ல இல்ல, நீங்க ஏன்மா கண்ணைத் துடைக்கிறீங்க. உங்க வீட்டுக்காரர் வந்து பாத்தா, இந்தக் கிழவி என்னமோ பண்ணிட்டான்னு நினைக்கப் போறாரு. அந்தா வர்றாரு. மாத்திரை டப்பா கையில இருக்கு, நல்லது.

இந்தத் தடவையா? இந்தத் தடவை வீட்டுல என்ன விசேஷம்னுதானே கேக்கறீங்க?

பொண்ணோட அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துடுச்சு. ஒரு கை, ஒரு கால் வராது, பேச்சும் குழறுது. கூட இருந்த அந்தம்மா எவ்ளோதான் பாப்பாங்க, தன் அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்களாம். பொண்ணு போன வாரம் வந்து உக்காந்தா. எங்க வீடு நாலாவது மாடிம்மா, லிப்ட் பாதி நாள் ஓடாது. உன் வீடு கீழ இருக்கு, நீயும் தனியாத்தானே இருக்கேங்கிறா.

சரி, கூட்டிட்டு வான்னேன். கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா. போட்டோவைக் காட்டினப்போ வராத அழுகையெல்லாம் அன்னைக்கு வந்துச்சு. நானும் அவ முதுகைத் தடவிக் குடுத்தேன். அவ போனதும் ஆள் வச்சுக் கட்டிலை ஜன்னல் பக்கமா நகத்திப் போட்டேன். பாத்ரூம்ல பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்க ஒரு கம்பி வச்சேன். சக்கர நாற்காலி ஏறட்டும்னு வாசப்படியில பலகை போட்டேன்.

கோபமா? கோபத்துல யாராவது பாத்ரூம்ல கம்பி வைப்பாங்களா? சொல்லத் தெரியலை. நான் இருந்தா வரமாட்டேன்னு சொன்ன மனுஷன். வரட்டும். தாராளமா வரட்டும்.

இந்த டிக்கெட் அவ எடுத்தது இல்லம்மா. நான் எடுத்தது. ஜன்னல் இல்லாத ரூம்தான் கிடைச்சது, போதும். திரும்பி வந்து எங்க இறங்கறதுன்னு இன்னும் முடிவு பண்ணலை. அந்த பேக்கரிக்காரம்மா, எப்ப வேணா வான்னு சொல்லியிருக்காங்க. பாக்கலாம்.

நம்ம நம்பரா? ஆமா, நம்மதுதான். பையை எடுத்துக்கோங்க. கார்டைக் கழுத்துல மாட்டுங்க.

நான் கிளம்பினது பொண்ணுக்கா? தெரியாது. இன்னைக்குக் காலையில அவரைக் கூட்டிட்டு வர்றதாத்தான் பேச்சு, இந்நேரம் வந்திருப்பாங்க. அவகிட்ட ஒரு சாவி இருக்கு. அவரை வாசல்ல விட்டுட்டு, கதவைத் திறந்து, அம்மா அம்மான்னு ஒவ்வொரு ரூமா தேடிக்கிட்டிருப்பா. வீட்டுல இருக்கிறதே ரெண்டு ரூம்தான். ரொம்ப நேரம் தேட வேண்டியிருக்காது.